சென்சாரை மாற்றியும் விளக்கு அணையவில்லையா?

கேள்வி: என்னுடையது 2012 மாடல் பெட்ரோல் கார். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சில மாதங்களாக ஒரே தொல்லை. வெகுதூரம் ஓட்டிவிட்டு டோல்கேட்டிலோ சிக்னலிலோ நின்றால் இன்ஜின் தானாக ஆஃப் ஆகிவிடுகிறது. செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி நேரம் விட்டுவிட்டு அடித்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. ஸ்கேனரில் பி0335 என்று வந்தது. கிராங்க் சென்சார் போய்விட்டது என்று மாற்றினார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடியது, பிறகு பழைய கதைதான். வேறு ஒர்க்‌ஷாப்பில் வேறு கம்பெனி சென்சார் போட்டார்கள். அதுவும் சில வாரம்தான். இப்போது சில சமயம் பி0340 என்று கேம் சென்சார் கோடும் சேர்ந்து வருகிறது. சென்சார் கப்ளரில் மூன்று வயர்கள் இருக்கின்றன. இசிஎம் மாற்றினால்தான் சரியாகும் என்கிறார்கள். மாற்றலாமா, அல்லது வண்டியை விற்றுவிடலாமா?

— வாசகர், விழுப்புரம்

பதில்: இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசிஎம்மை மாற்றாதீர்கள். இந்த நிலையில் வண்டியையும் விற்காதீர்கள். மூன்றாவது சென்சாரும் வாங்க வேண்டாம். இதுவரை உங்கள் வண்டியில் பாகங்களை மாற்றியிருக்கிறார்கள். எதையும் அளந்து பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அளக்காமல் எந்தப் பாகமும் வாங்குவதில்லை என்று இன்றைக்கு முடிவெடுங்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்களின் பணத்தையும் நிம்மதியையும் காப்பாற்ற இதைவிடப் பெரிய உபாயம் எனக்குத் தெரியாது.

முதலில், ஸ்கேனர் காட்டிய கோட் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். பி0335 என்றால் கிராங்க்‌ஷாஃப்ட் பொசிஷன் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு. கிராங்க் எந்த நிலையில் சுற்றுகிறது என்ற சிக்னல் இசிஎம்முக்கு ஒழுங்காக வரவில்லை, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்பது அந்தக் கோடில் இல்லை. சென்சார் செத்திருக்கலாம். சென்சாருக்குப் போகும் சப்ளை அறுந்திருக்கலாம். எர்த் பலவீனமாக இருக்கலாம். சிக்னல் வயர் உள்ளே ஒடிந்திருக்கலாம். கப்ளரின் பின் தளர்ந்திருக்கலாம். சென்சார் பார்க்க வேண்டிய பற்சக்கரத்தில் குறை இருக்கலாம். கடைசியாக, வெகு அபூர்வமாக, இசிஎம்மே பழுதாகியிருக்கலாம். இத்தனைக்கும் வருவது ஒரே கோட்தான். 'கோட் சென்சார் பெயரைச் சொல்கிறது, அதனால் சென்சாரை மாற்று' என்பது இதில் ஒன்றை மட்டும் குருட்டாம்போக்கில் பிடிப்பது.

உங்கள் கடிதத்திலேயே உள்ள துப்புகள்

நீங்கள் எழுதியதில் மூன்று செய்திகள் மிக முக்கியமானவை.

ஒன்று, சூடானால் கோளாறு, ஆறினால் சரி. செல்ஃப் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்பது இதோடு பொருந்துகிறது. கிராங்க் சிக்னல் இல்லாவிட்டால் எப்போது ஸ்பார்க் கொடுப்பது, எப்போது பெட்ரோல் தெளிப்பது என்று இசிஎம்முக்குத் தெரியாது. பெரும்பாலான வண்டிகளில் இரண்டையும் நிறுத்திவிடும்.

இரண்டு, வெவ்வேறு கம்பெனியின் இரண்டு புது சென்சார்கள் ஒரே மாதிரி தோற்றிருக்கின்றன. தரக்குறைவான சென்சார் சூட்டில் படுத்துவிடுவது உண்டுதான். ஆனால் இரண்டும் அப்படியே அமைவது அரிது. புது சென்சார் போட்டதும் சில வாரம் ஏன் நன்றாக ஓடியது? சென்சாரை மாற்றும்போது கப்ளரைக் கழற்றி மாட்டுகிறார்கள். அந்த உரசலில் பின்களின் மேல் படிந்த களிம்பு விலகி, தொடர்பு கொஞ்ச காலத்துக்குச் சரியாகிவிடும். வயரிங்கும் கைபட்டுச் சற்று நகர்ந்திருக்கும். வண்டி ஓடுவதைப் பார்த்து, 'பழைய சென்சார்தான் கெட்டது' என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். பழுது கப்ளரிலோ வயரிலோ அப்படியே உட்கார்ந்திருக்கும்.

மூன்று, கேம் சென்சார் கோடும் சேர்ந்து வருகிறது. இரண்டு சென்சார்கள் ஒரே காலத்தில் தனித்தனியாகக் கெடுவதைவிட, இரண்டுக்கும் பொதுவான ஒன்று கெடுவதற்கே வாய்ப்பு அதிகம். பொதுவான சப்ளை, பொதுவான எர்த், இரண்டு வயரும் சேர்ந்து போகும் வயரிங் கிட், இரண்டையும் இணைக்கும் டைமிங் செயின் ஆகியவற்றில் தேடுங்கள்.

கோடை அழிப்பதற்கு முன்னால்

ஸ்கேனர் மாட்டியதும் கோடை அழித்துவிட்டு, 'திரும்ப வருகிறதா பார்ப்போம்' என்பது பரவலான பழக்கம். அதை நிறுத்தச் சொல்லுங்கள். கோட் பதிவாகும் நொடியில் இன்ஜின் வேகம், கூலன்ட் சூடு, லோடு, வண்டி வேகம் போன்றவற்றை இசிஎம் சேர்த்துப் பதிந்து வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பென்டிங் கோட் என்று தனியாக இருப்பதையும் பாருங்கள். செக் இன்ஜின் விளக்கு எரியும் அளவுக்கு இன்னும் உறுதியாகாத கோளாறுகள் அங்கே நிற்கும்.

இந்தியாவில், வண்டி தன் கோளாறைத் தானே கண்டறியும் ஓபிடி ஏற்பாட்டின் முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் கட்டாயமாயின. உங்களுடையது இடைப்பட்ட காலத்து வண்டி. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருந்தாலும், போனோடு இணையும் மலிவான புளூடூத் அடாப்டர் எல்லா விவரத்தையும் காட்டும் என்று சொல்ல முடியாது. காட்டாவிட்டால் உங்கள் மாடலுக்கான ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

கூடவே ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வண்டியில் இருக்கட்டும். ஒவ்வொரு முறை நின்றபோதும் எவ்வளவு தூரம் ஓட்டியிருந்தீர்கள், ஏசி ஓடியதா, மழையா வெயிலா, குழியில் இறங்கியபோதா நின்றபோதா, ஆர்பிஎம் முள் முதலில் விழுந்ததா இன்ஜின் முதலில் நின்றதா என்று எழுதுங்கள். இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் துடித்தாலோ சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தாலோ, கிராங்க் சிக்னல் அறுபடுகிறது என்பதற்கு அது நல்ல சாட்சி.

பேட்டரியும் எர்த்தும்

சென்சாரைத் தொடுவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை நிற்க வேண்டும். வோல்டேஜ் சரிந்தால் சம்பந்தமே இல்லாத சென்சார் கோட்கள் கூட்டமாக வரும்.

அடுத்தது, இன்ஜினையும் பாடியையும் பேட்டரி நெகட்டிவையும் இணைக்கும் எர்த் கேபிள். பழைய வண்டியில் இதைக் கழற்றிச் சுத்தம் செய்தவர் யாரும் இருக்க மாட்டார். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் மறு முனையைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, துருவையும் பெயின்டையும் தேய்த்து எடுத்து, இறுக்கி மாட்டுங்கள். செலவில்லாத இந்த வேலையிலேயே தீர்ந்துபோகும் சென்சார் கோளாறுகள் உண்டு.

கண்ணும் கையும்

இப்போது இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, கிராங்க் சென்சார் இருக்கும் இடத்துக்குப் போங்கள். சில வண்டிகளில் கிராங்க் புல்லி அருகே இருக்கும், சிலவற்றில் ஃப்ளைவீல் பக்கம், கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் இருக்கும். கப்ளரைக் கழற்றி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே பச்சைப் பொடி பூத்திருந்தால் செம்பில் களிம்பு ஏறிவிட்டது என்று பொருள். கடற்கரை ஊர்களிலும், வெள்ளத்தில் நின்ற வண்டிகளிலும், இன்ஜினுக்குப் பிரஷர் வாட்டர் அடித்துக் கழுவும் வண்டிகளிலும் இது சாதாரணம். எண்ணெய் கசிந்து உள்ளே வந்திருக்கிறதா, கப்ளரின் ரப்பர் வளையம் இருக்கிறதா, பூட்டும் நாக்கு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். உடைந்த நாக்குக்குப் பதிலாக இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால், சந்தேகத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு குறை உண்டு. கப்ளரின் வயர் பக்கப் பாதியில் உள்ள பெண் பின், பல தடவை கழற்றி மாட்டியதில் வாய் விரிந்திருக்கும். பார்வைக்கு மினுமினுவென்று இருக்கும், பிடிமானம் இருக்காது. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அதே அளவு ஆண் பின் ஒன்று இருக்கும். அதை ஒவ்வொரு துளையிலும் செருகி மெல்ல இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சற்றுக் கவ்விப் பிடித்து விட வேண்டும். ஒரு துளையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால், அதுதான் உங்கள் கோளாறாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். இன்ஜின் சூட்டில் பிளாஸ்டிக்கும் உலோகமும் விரிய, அந்தப் பின் தொடர்பை விட்டுவிடும். ஆறியதும் மறுபடி தொடும். இதற்குக் கப்ளரையோ பின்னையோ மாற்ற வேண்டும். தடிமனான ஊசியையோ மல்டிமீட்டர் முனையையோ முன்பக்கத்திலிருந்து பெண் பின்னுக்குள் திணித்து அளக்க யாரையும் விடாதீர்கள். நல்ல பின்னும் அதில்தான் விரிந்து கெடுகிறது.

பிறகு வயரிங் கிட்டைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். கருப்பு நெளிவுக் குழாய் எங்கே தேய்ந்திருக்கிறது, எந்த பிராக்கெட்டின் விளிம்பில் உரசுகிறது, சைலன்சர் மேனிஃபோல்டுக்கு எவ்வளவு அருகில் போகிறது, கிளிப் எங்கே காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். எலி கடித்திருக்கிறதா என்று தவறாமல் பாருங்கள். நம் ஊரில் நிறுத்தி வைத்த வண்டியின் வயரிங்குக்கு எலியைப் போல் எதிரி இல்லை. இன்ஜின் ஆடும்போது வளையும் இடங்களில் வயரை இரு விரல்களுக்கு நடுவே பிடித்து மென்மையாக இழுத்துப் பாருங்கள். உள்ளே செம்பு முறுக்காக இருந்தால் இழுபடாது. ஒரு இடத்தில் மட்டும் மேலுறை நீண்டு மெலிந்தால், உள்ளே இழைகள் ஒடிந்துவிட்டன.

மூன்று வயர், மூன்று அளவு

மூன்று வயர் கப்ளர் என்றால் உங்கள் வண்டியில் இருப்பது பெரும்பாலும் ஹால் வகை சென்சார். ஒரு வயர் சப்ளை, ஒன்று எர்த், ஒன்று சிக்னல். சில வண்டிகளில் இரண்டு வயர் காந்தச் சுருள் சென்சாருக்கு மேலுறைக் கவசமாக மூன்றாவது வயர் இருக்கும். எந்த வகை, எந்த நிற வயர் எதற்கு என்பதை உங்கள் மாடலின் வயரிங் படத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஹால் சென்சாருக்குள் மின்னணுச் சுற்று இருப்பதால் ஓம் மீட்டரால் சோதிப்பது பயனற்றது. 'ரெசிஸ்டன்ஸ் பார்த்தேன், சரியில்லை' என்று இந்த வகை சென்சாரைக் குறை சொன்னால் ஏற்காதீர்கள்.

கப்ளரைக் கழற்றி, இக்னிஷனை ஆன் செய்து, வயர் பக்கத்தில் அளக்க வேண்டும். சப்ளையில் 5 வோல்ட் இருக்கும். சில மாடல்களில் பேட்டரி வோல்டேஜ். பெரும்பாலான வண்டிகளில் சிக்னல் வயரிலும் இசிஎம் தானே ஒரு வோல்டேஜைக் கொடுத்து வைத்திருக்கும், பொதுவாக 5 வோல்ட். சென்சார் அதை எர்த்துக்கு இழுத்து இழுத்து விடுவதுதான் சிக்னல். எனவே சென்சார் இல்லாமலே சிக்னல் வயரில் அந்த வோல்டேஜ் இருந்தால், இசிஎம்மிலிருந்து கப்ளர் வரை அந்த வயர் அறுபடவில்லை என்று தெரியும். இசிஎம்மைக் குற்றம் சாட்டுபவரிடம் முதலில் கேட்க வேண்டிய அளவும் இதுதான்.

கழற்றி அளந்தால் மட்டும் போதாது. நூறு இழையில் ஒரே இழை மிச்சமிருந்தாலும் கழற்றிய கப்ளரில் மீட்டர் முழு வோல்டேஜையும் காட்டும். ஆகவே கப்ளரை மாட்டி, பின்பக்கமாக மெல்லிய முனையைச் செருகி, இன்ஜின் ஓடும்போது மறுபடி அளக்க வேண்டும். சப்ளை அதே அளவில் நிற்கிறதா? சென்சாரின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்குள் இருக்கிறதா? மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஒருவர் வயரிங்கைப் பகுதி பகுதியாக அசைக்கட்டும். எந்த இடத்தை அசைக்கும்போது அளவு துள்ளுகிறதோ, பழுது அங்கே.

ஒரு எச்சரிக்கை. பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப் பேட்டரி சப்ளை வயரைச் சோதிக்க நல்ல கருவி. 5 வோல்ட் வயரிலும் சிக்னல் வயரிலும் அதை வைக்கவே கூடாது. இசிஎம் கொடுக்கும் மின்னோட்டத்துக்கு மேல் அது இழுக்கும். நல்ல இசிஎம்மும் கெடக்கூடும்.

சிக்னலைப் பார்க்கச் சிறந்த கருவி ஆசிலாஸ்கோப். பல வண்டிகளில் பற்சக்கரத்தில் 60 பல் இடத்தில் 58 பற்கள் இருக்கும்; விடுபட்ட இரண்டு பல் இடைவெளியை வைத்துத்தான் கிராங்கின் நிலையை இசிஎம் அறிகிறது. திரையில் சீரான சதுரங்கள் ஓடி, ஒரு சுற்றுக்கு ஒரு முறை அந்த இடைவெளி வர வேண்டும். வேறு இடத்தில் ஒரு சதுரம் குறைந்தாலும் ஸ்கோப் காட்டிக்கொடுக்கும், மீட்டர் காட்டாது. ஸ்கோப் இல்லையா? செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் பாருங்கள். கிராங்க் சிக்னல் வந்தால் 150 முதல் 300 வரை ஏதாவது காட்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பூஜ்யம் என்றால் சிக்னல் இல்லை.

இரண்டு வயர் காந்தச் சுருள் சென்சார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அதற்கு சப்ளை கிடையாது, தானே ஏசி வோல்டேஜ் உண்டாக்கும். அதில் ரெசிஸ்டன்ஸ் பார்க்கலாம், பல மாடல்களில் சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை இருக்கும். ஆறியபோதும் சூடானபோதும் அளந்து, மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். வயரை வெட்டி ஒட்டும்போது இரண்டையும் இடம் மாற்றிவிட்டால், சென்சார் நன்றாக இருந்தும் இசிஎம் நிலையைத் தப்பாகப் படிக்கும்.

கோளாறை வரவழையுங்கள்

கோளாறு இல்லாத நேரத்தில் எடுத்த அளவுகள் எல்லாம் 'சரி' என்றுதான் சொல்லும். ஒர்க்‌ஷாப்பில் காலையில் ஆறிய வண்டியை விட்டுவிட்டு மாலையில் 'எல்லாம் ஓகே' என்று வாங்கி வருவது இப்படித்தான் நடக்கிறது. உங்கள் வண்டி சூட்டில் நிற்கிறது என்றால் சூட்டில்தான் சோதிக்க வேண்டும். மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு வெளியூர்ச் சாலையில் நன்றாக ஓட்டிவிட்டு, ஏசி போட்டு ஐடிலில் நிறுத்துங்கள். இன்ஜின் ஆஃப் ஆனதும், ஆறவிடாமல், அதே நிமிடத்தில் சப்ளை, எர்த், சிக்னல் மூன்றையும் அளக்க வேண்டும். சப்ளையும் எர்த்தும் கப்ளர் வரை சரியாக இருந்து, செல்ஃப் அடிக்கும்போது சிக்னல் மட்டும் அசையாமல் நின்றால் சென்சாரைச் சந்தேகிக்கலாம். அப்போது ஈரத்துணியை சென்சார் மேல் வைத்துக் குளிர்வித்து, உடனே ஸ்டார்ட் ஆகிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் ஆகிவிட்டால், பழுது சென்சாரில்தான். சப்ளை விழுந்திருந்தால் எத்தனை சென்சார் மாற்றினாலும் பயன் இல்லை.

சப்ளை விழும் வண்டிகளில் இன்னொன்றையும் பாருங்கள். 5 வோல்ட் சப்ளை பல சென்சார்களுக்குப் பொதுவாக இருக்கும். ஒரே குழாயில் நாலு வீட்டுக்குத் தண்ணீர் போகும்போது ஒரு வீட்டில் உடைந்தால் மற்ற மூன்றிலும் வரத்து நிற்பது மாதிரி, ஏசி பிரஷர் சென்சாரோ மேப் சென்சாரோ உள்ளே ஷார்ட் ஆனால் கிராங்க், கேம் இரண்டின் கோடும் வரலாம். சப்ளை விழுந்திருக்கும்போது, அதே லைனில் உள்ள சென்சார்களின் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் எழுகிறதோ, குற்றவாளி அது. ஏசி போட்டால் மட்டும் வண்டி நிற்கிறது என்று உங்கள் நோட்டில் இருந்தால், இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள்.

மின்சாரம் எல்லாம் சரி என்றால்

மூன்று அளவுகளும் சரி, சென்சாரும் நல்லது என்றால் அது பார்க்கும் பொருளைப் பாருங்கள். சென்சாரைக் கழற்றினால் காந்த முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா? துடைத்து எடுங்கள், அந்தத் தூள் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். பற்சக்கரத்தில் பல் வளைந்திருக்கிறதா? சென்சாருக்கும் பல்லுக்கும் இடைவெளி பொதுவாக ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். வேற்று மாடல் சென்சார் 'பொருந்துகிறது' என்று மாட்டப்பட்டிருந்தால், அல்லது அடியில் வாஷர் வைத்து உயர்த்தியிருந்தால், சிக்னல் தடுமாறும்.

கேம் கோடும் வருவதால் டைமிங் செயினையும் கணக்கில் எடுங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். செயின் நீண்டாலோ டென்ஷனர் தளர்ந்தாலோ இந்த உறவு சில டிகிரி பிசகும். அப்போது பி0016, பி0341 போன்ற கோட்கள் வரும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது செயின் சத்தம் கேட்கும். ஆயிலை உரிய காலத்தில் மாற்றாத இன்ஜினில் இது சீக்கிரம் வரும். இந்த நிலையில் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. அதை மாற்றிக்கொண்டே வண்டியை ஓட்டுவது இன்ஜினுக்கே ஆபத்து. உங்களுக்கு பி0340 வந்திருப்பதால் சர்க்யூட்டை முதலில் பார்ப்பது சரி. ஆனால் செயின் சத்தம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

மற்ற சென்சார்களுக்கும் இதே வழி

இந்தப் பக்கத்தைப் படிக்கும் வேறு பலருக்கு வேறு சென்சார் கோட் வந்திருக்கும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார்: இரவு முழுக்க நின்ற வண்டியில் இன்ஜினை ஓட்டாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, கூலன்ட் சூட்டையும் உள்ளே வரும் காற்றின் சூட்டையும் ஸ்கேனரில் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக, ஊர் வெப்பத்தோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு வயர் சென்சார் என்றால், கப்ளரைக் கழற்றியதும் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி அளவில் காட்ட வேண்டும். வயர் பக்கத்தின் இரண்டு பின்களையும் சிறு வயரால் இணைத்தால் உச்ச சூட்டைக் காட்ட வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் இசிஎம்மும் நலம், சென்சாரை மாற்றலாம். சில வண்டிகளில் கழற்றியதும் இசிஎம் மாற்று மதிப்பைக் காட்டும். அதை மட்டும் மனதில் வையுங்கள்.

மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது): இன்ஜின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையிலோ விழுப்புரத்திலோ 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் 77 அளவில் இருப்பது சரி. அதே 77 விழுப்புரத்தில் வந்தால் தவறு. ஐடிலில் நல்ல இன்ஜின் 30 முதல் 40 வரை காட்டும்.

ஆக்சிஜன் சென்சார்: அநியாயமாக அதிகம் பழி சுமப்பது இதுதான். பி0171 என்றால் பெட்ரோல் கலவை மெலிந்திருக்கிறது என்று பொருள், ஆக்சிஜன் சென்சார் கெட்டது என்று பொருள் இல்லை. ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம், அதாவது இசிஎம் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, எவ்வளவு என்று பாருங்கள். ஐடிலில் மிக அதிகமாக இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் குறைந்தால் எங்கோ வேக்குவம் கசிகிறது. வெடித்த ஹோஸ், இன்டேக் கேஸ்கெட் பாருங்கள். வேகத்தில் அதிகமானால் ஃபியூயல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள். பி0135 வந்தால் சென்சாரை வாங்கும் முன் அதன் ஹீட்டர் ஃபியூஸைப் பாருங்கள்.

இசிஎம் எப்போது?

சப்ளை, எர்த், சிக்னல் மூன்றும் இசிஎம்மின் சொந்தக் கப்ளரில் வைத்து அளக்கப்பட்டு, உள்ளே போகும் சிக்னல் ஸ்கோப்பில் சரியாக இருந்து, அப்போதும் இசிஎம் ஆர்பிஎம்மைப் பார்க்கவில்லை என்றால் மட்டுமே இசிஎம்மைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன் அதன் கப்ளரில் தண்ணீர் புகுந்திருக்கிறதா, பின் களிம்பேறியதா என்று பாருங்கள். புது இசிஎம் போட்டாலும் சாவியின் இம்மொபிலைசரோடு அதைப் பொருத்த வேண்டியிருக்கும். பழைய இசிஎம்மைக் கண்டபடி கழற்றி மாட்டிப் பார்க்கும் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்பது?

'கிராங்க் சென்சார் மாற்றிக் கொடுங்கள்' என்று சொல்லாதீர்கள். 'இன்ஜின் சூடானதும் நிற்கிறது, பி0335 வருகிறது, இரண்டு சென்சார் மாற்றியாகிவிட்டது. நிற்கும் நேரத்தில் சப்ளை, எர்த், சிக்னல் அளந்து சொல்லுங்கள், அளப்பதற்குத் தனிக் கூலி தருகிறேன்' என்று சொல்லுங்கள். இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். கண்டுபிடிக்கும் வேலைக்குக் கூலி கொடுக்க நாம் தயங்குவதால்தான், பாகத்தின் விலையில் அந்தக் கூலியைத் தேடும் வழக்கம் வளர்ந்தது. ஒரு மணி நேரம் மீட்டர் பிடித்துக் கீழே படுத்திருப்பவரின் உழைப்பு, ஒரு சென்சார் பெட்டியைவிட மதிப்பு மிக்கது. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் உங்கள் ஊரில் நிச்சயம் இருப்பார். இந்த வேலைக்கு அவர்தான் ஆள். கழற்றிய பழைய சென்சார்களையும் கேட்டு வாங்கி வைத்திருங்கள். அவற்றில் ஒன்று நல்லதாகவே இருக்கலாம்.

பழுது தீரும்வரை, மெக்கானிக்கோடு போகும் சோதனை ஓட்டம் தவிர, நெடுஞ்சாலைப் பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஓடும்போது இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும். பிரேக் பூஸ்டரில் மிஞ்சிய வேக்குவம் ஓரிரு முறை அழுத்தும்வரைதான் உதவும். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடாமல் ஒரே அழுத்தாக அழுத்தி, ஹஸார்ட் விளக்கைப் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். வண்டி முழுதாக நிற்கும்வரை சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

பழுது பார்த்த பிறகு விளக்கு அணைந்ததை மட்டும் வைத்துப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஸ்கேனரில் அழித்தால் எந்த விளக்கும் அணையும். முன்பு எந்தச் சூட்டில், எந்த ஓட்டத்தில், எப்படி நின்றபோது கோளாறு வந்ததோ, அதே நிலையில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். பிறகு பென்டிங் கோட் இருக்கிறதா என்று பாருங்கள். என்ன அளந்தார்கள், எவ்வளவு வந்தது, எந்த வயர் அல்லது எந்தப் பின் மாற்றப்பட்டது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அந்த மூன்று வரி கையில் இருந்தால், நாளைக்கு வேறு கோளாறு வந்தாலும் அடுத்த மெக்கானிக் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இத்தனை அளந்த பிறகும் விற்கத் தோன்றினால் தாராளமாக விற்கலாம். அப்போது வண்டியில் என்ன குறை என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும், வாங்குபவரிடமும் நேர்மையாகச் சொல்ல முடியும்.